ஆளில்லா வண்டியில் ஆளாக இருந்த குற்றம்

ஆளில்லா வாகனத் துறைக்கு நூற்றுப் பதினாலு ஆட்கள் தேவைப்பட்டார்கள். வண்டிகள் பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டு வண்டிகளையும் மூன்றாவது மாடிக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து ஆறு பேர் பார்த்துக்கொண்டார்கள். மீதி நூற்றெட்டுப் பேர் அந்த ஆறு பேரைப் பார்த்துக்கொண்டார்கள்.

ஆறு பேரில் ஒருவர் ஹேண்ட்பிரேக். இருபத்திரண்டு வருஷம் நகரப் பேருந்து ஓட்டியவர். சமதரையில், பயணி ஏறுவதற்காக நிறுத்துகிற அரை நிமிஷத்தில்கூட ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுத்தான் காலைத் தளர்த்துவார் என்பதால் டிப்போவில் வைத்த பெயர் அது. பேருந்துத் தடத்தை எடுத்துவிட்டு அவரை இந்தத் துறைக்கு மாற்றியபோது பெயரும் கூடவே வந்துவிட்டது.

வேலை சிரமமில்லை. மேசைக்கு இரண்டு திரை, ஒரு சிவப்புப் பொத்தான். கட்டடத்தின் பின்பக்கம், தரைத்தளத்தில் ஷெட். அங்கே லோடுமேன் மருந்துப் பெட்டிகளை ஏற்றிக் கதவைச் சாத்துவார். வண்டி தானே கிளம்பும், தானே ஆஸ்பத்திரிக்குப் போகும், தானே திரும்பி வரும். போகிற வழியெல்லாம் அது எடுக்கிற படம் திரையில் ஓடும். ஏதாவது தப்பாகத் தெரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். ஹேண்ட்பிரேக்குக்கு மூன்றாம் எண், நான்காம் எண் வண்டிகள். முதல் மூன்று மாதம் அவர் பொத்தானைத் துணியால் துடைத்ததோடு சரி.

அப்புறம்தான் ஏழாம் எண் வண்டி ஒருநாள் ரவுண்டானாவை நாற்பத்தொரு தடவை சுற்றியது. வெளியிலிருந்து யாரோ அதன் கணினிக்குள் புகுந்துவிட்டார்கள். துறை அதைக் 'கூடுதல் தூரப் பரிசோதனை' என்று பத்திரிகைகளுக்குச் சொன்னது. நாற்பத்தொரு சுற்றையும் பார்த்துக்கொண்டிருந்த ஊழியரை இயக்குநர் கூப்பிட்டு, ஏன் பொத்தானை அழுத்தவில்லை என்று கேட்டார்.

"நம்பினேன் சார்" என்றார் அவர்.

அடுத்த வாரம் இன்னொரு ஊழியர், வண்டியின் குறுக்கே ஒரு பிளாஸ்டிக் பை பறந்ததைப் பார்த்துப் பொத்தானை அழுத்தினார். வண்டி நடுரோட்டில் நின்றது. பின்னால் வந்த ஆம்புலன்ஸ் இருபது நிமிஷம் அலறிக்கொண்டிருந்தது. அவரையும் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

"சந்தேகப்பட்டேன் சார்."

இயக்குநர் இரண்டு பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மறுநாள் எல்லோரையும் கூட்டத்துக்கு அழைத்தார்.

"வண்டிக்குள்ள எவனோ பூந்துட்டான்னு எல்லாரும் வண்டியையே பாக்கறாங்க" என்று ஆரம்பித்தார். "நான் ஒண்ணு கேக்கறேன். வண்டிக்கு மனசு இருக்கா? இல்ல. நம்பறதும் சந்தேகப்படறதும் யாரு? நீங்க. அப்ப ரிப்பேர் எங்க பண்ணணும்?"

"வண்டியை ரிப்பேர் பண்ணணும்னா டெண்டர் விடணும், மேலிடத்துல கையெழுத்து வாங்கணும், ஏன் இத்தனை நாள் பண்ணலன்னு கேப்பாங்க. உங்களை ரிப்பேர் பண்ண ஒரு சுற்றறிக்கை போதும்."

இப்படித்தான் நம்பிக்கைச் சீரமைப்புப் பிரிவு பிறந்தது. அதற்கு ஓர் ஆலோசகர் அம்மாள் வந்தார். குழந்தையைத் தூங்க வைக்கிற குரலில் பேசுவார். ஊழியர்கள் வண்டியை நூற்றுக்கு நூறு நம்பினால் ஏமாளிகள், ஐம்பதுக்குக் கீழே போனால் தொல்லைகள் என்று விளக்கினார். அறுபத்திரண்டுக்கும் அறுபத்தெட்டுக்கும் நடுவில் நம்புவதுதான் ஆரோக்கியம். அரை மணிக்கு ஒருமுறை ஒவ்வொருவரும் தன் நம்பிக்கை எவ்வளவு என்று கணினியில் பதிய வேண்டும். பதிவது பொய்யா என்று கண்டுபிடிக்க மணிக்கட்டில் ஒரு பட்டை. உடம்புச் சூட்டையும் வியர்வையையும் வைத்து அதுவும் ஓர் எண் சொல்லும்.

பக்கத்து மேசையில் இருந்த பெண் இரண்டு பிள்ளைகளின் தாய். ஏற்கெனவே வீட்டில் ஆயிரம் யோசனை. இதற்கும் யோசிக்க முடியாது என்று முதல் நாளே அறுபத்தைந்து என்று போட்டார். அரை மணி கழித்து அறுபத்தைந்து. மாதம் முழுவதும் அறுபத்தைந்து. சிறந்த ஊழியர் என்று அவர் படத்தை மாடிப்படிச் சுவரில் ஒட்டினார்கள். அதிலிருந்து எல்லோருக்கும் அவர் 'அறுபத்தஞ்சு' ஆகிவிட்டார்.

ஹேண்ட்பிரேக்கால் அப்படி முடியவில்லை. கேட்டதற்கு உண்மையைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். நேர்ச்சாலையில் தொண்ணூறு, பள்ளிக்கூட வாசலில் முப்பது, மழை பெய்தால் இருபது என்று போட்டார். ஆலோசகர் அம்மாள் அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்க நம்பிக்கை ரொம்பத் தள்ளாடுதே."

"ரோடு அப்படி இருக்குங்க மேடம்."

"ரோட்டைப் பாத்தா நம்பிக்கை வைப்பீங்க?"

"வேற எதைப் பாக்கறதுங்க?"

அம்மாள் எதையோ எழுதிக்கொண்டார். ஹேண்ட்பிரேக்குக்கு அதிக நம்பிக்கையும் இருக்கிறது, அதிகச் சந்தேகமும் இருக்கிறது என்று இரண்டு வகுப்பிலும் சேர்த்தார்கள். திங்களும் புதனும் நம்பிக்கை வகுப்பு. கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாகச் சாய வேண்டும், பின்னால் நிற்கிறவர் தாங்கிப் பிடிப்பார். செவ்வாயும் வியாழனும் சந்தேக வகுப்பு. அங்கேயும் கண்ணை மூடிக்கொண்டு சாய வேண்டும், பின்னால் நிற்கிறவர் பிடிக்க மாட்டார். இரண்டிலும் சேர்ந்தவர் துறையிலேயே ஹேண்ட்பிரேக் ஒருவர்தான். கிழமை குழம்பிப்போய்த் திங்கட்கிழமை சாய மறுத்தார், செவ்வாய்க்கிழமை நன்றாகச் சாய்ந்தார்.

அன்று வீட்டில் அவருடைய மனைவி இடுப்பில் தைலம் தேய்த்துவிட்டார். நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ்.

"ஆபீஸ்ல உக்காந்து ஸ்கிரீன் பாக்கற வேலைன்னுதானே சொன்னீங்க. இடுப்பு எப்படி இப்படியாச்சு?"

"சந்தேகப்படக் கத்துக்கறோம்."

மனைவி தேய்ப்பதை நிறுத்தினார். "யாரை?"

"யாரையும் இல்ல. பொதுவா."

"என்னை எவ்வளவு நம்பறீங்க?"

பகலெல்லாம் கேட்டுக் கேட்டு நாக்கில் ஒட்டிய பழக்கம். "அறுபத்தஞ்சு" என்றார். தைலப் பாட்டிலை மூடுகிற சத்தம் கேட்டது. அதற்கப்புறம் இரண்டு நாள் வீட்டில் வேறு சத்தம் இல்லை.

துறையில் சீரமைப்பு வேகம் பிடித்தது. ஜன்னல் வழியாக வருகிற வெளிச்சம் நம்பிக்கையை ஏற்றி இறக்குகிறது என்று கட்டுப்பாட்டு அறை ஜன்னல்களைப் பலகை வைத்து அடைத்தார்கள். வீட்டிலிருந்து வருகிற போன் மனதைக் கலைக்கிறது என்று கைப்பேசிகளை வாசலில் ஓர் அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். தாக்குதல் வந்தால் என்ன செய்வது என்று ஒத்திகை நடந்தது. ஒத்திகை என்று முன்கூட்டிச் சொன்னால் ஒத்திகைக்கு அர்த்தமில்லை என்பதால் சொல்ல மாட்டார்கள். தாக்குதல் என்று புகார் செய்தால், "இது ஒத்திகை, பதற்றப்பட்டுட்டீங்க" என்று ஒரு குறிப்பு வரும். புகார் செய்யாவிட்டால், "இது ஒத்திகை, கோட்டை விட்டுட்டீங்க" என்று வரும். ஒருநாள் இயக்குநரிடமிருந்து, 'மின்னஞ்சலில் வரும் எந்த இணைப்பையும் திறக்காதீர்கள், விவரம் இணைப்பில்' என்று ஒரு கடிதம் வந்தது. இணைப்பைத் திறந்தவர்களைச் சந்தேக வகுப்புக்கு அனுப்பினார்கள். திறக்காதவர்களிடம், விவரத்தைப் படிக்காமல் பணியாற்றியது ஏன் என்று விளக்கம் கேட்டார்கள். அறுபத்தஞ்சு மட்டும் தப்பித்தார். அவர் அன்று விடுப்பு.

இப்படி ஐந்து மாதம் ஓடியது. வண்டிகளின் கணினியை மட்டும் யாரும் தொடவில்லை.

அந்த நாள் ஒரு வியாழக்கிழமை. மதிய நடைக்கு ஒன்றரை மணிக்குப் பன்னிரண்டு வண்டிகளும் கிளம்பியதாகத் திரை காட்டியது. மூன்றாம் எண் வண்டியில் ஹேண்ட்பிரேக்கின் மனைவி வேலை பார்க்கிற பிரிவுக்கான டயாலிசிஸ் திரவக் கேன்கள் இருந்தன. வண்டி வழக்கமான வழியில் போனது. இரண்டு பத்துக்கு ஆஸ்பத்திரிப் பின்வாசல் தெரிந்தது. 'சேர்ந்தது' என்று பச்சை விளக்கு எரிந்தது. எல்லாம் ஒழுங்காக இருந்ததால் ஹேண்ட்பிரேக் எழுபது என்று போட்டார். 'இரண்டு குறைக்கவும்' என்று கணினி சொன்னது. குறைத்தார்.

இரண்டே முக்காலுக்குக் கழிப்பறைக்குப் போனார். ஆலோசகர் அம்மாள் ஆண்கள் கழிப்பறைக்கு வந்து பார்க்காததால் அங்கே தலைக்கு மேலே கையகல ஜன்னல் ஒன்று அடைபடாமல் தப்பியிருந்தது. அதன் வழியாகச் சாரல் அடித்து அவர் நெற்றியில் விழுந்தது. நுனிக்காலில் எட்டிப் பார்த்தார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. இப்போது ஆரம்பித்த மழை இல்லை. தெருவில் கணுக்கால் தண்ணீர் நின்றது.

திரும்பி வந்து உட்கார்ந்தார். திரும்பி வந்துகொண்டிருந்த மூன்றாம் எண் வண்டியின் திரையில் வெயில். நான்காம் எண்ணிலும் வெயில். மரத்து நிழல் ரோட்டில் கத்தரித்துப் போட்டதுபோல விழுந்திருந்தது. எட்டிப் பக்கத்து மேசையைப் பார்த்தார். அங்கேயும் வெயில்.

"தங்கச்சி, உன் வண்டி ரெண்டும் எங்க இருக்கு?"

"பழைய பாலத்துக்கிட்ட ஒண்ணு, நூலகத்துக்கிட்ட ஒண்ணு. ஏண்ணே?"

"வெளிய மழை ஊத்துது."

அறுபத்தஞ்சு திரையைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். "ஒத்திகையா இருக்கும்ணே. கண்டுக்காதீங்க. நான் அறுபத்தஞ்சு போட்டுட்டேன்."

ஹேண்ட்பிரேக் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். 'வண்டி நிறுத்தப்பட்டது' என்று எழுத்து வந்தது. திரையில் வண்டி அதே வெயிலில் அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் பிரேக்கை மிதித்து வண்டி நிற்காமல் போனது அவருக்கு ஒரே ஒரு தடவைதான் நடந்திருக்கிறது. இது இரண்டாவது.

எழுந்து இயக்குநர் அறைக்குப் போனார். அங்கும் ஜன்னலைப் பலகை வைத்து அடைத்திருந்தார்கள். ஆலோசகர் அம்மாளும் இருந்தார். இருவரும் நம்பிக்கைச் சீரமைப்பின் ஐந்து மாத வெற்றி பற்றி அறிக்கை தயாரித்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், ஸ்கிரீன்ல வர்றது இப்ப நடக்கறது இல்ல. ஏதோ பழைய படம் ஓடுது. வெளிய மழை பெய்யுது, வண்டிங்க எல்லாம் வெயில்ல போகுது."

இயக்குநர் பேனாவை மூடினார். "மழை பெய்யறதா நம்ம துறைக்குத் தகவல் எதுவும் வரலயே."

"பெய்யுது சார். கழிப்பறை ஜன்னல்ல பாத்தேன்."

"கழிப்பறை ஜன்னல் நம்ம தகவல் மூலங்கள் பட்டியல்ல இல்ல. பன்னிரண்டு வண்டியோட கேமரா வெயில்னு சொல்லுது. பன்னிரண்டுக்கு ஒண்ணு. நீங்களே சொல்லுங்க, நான் எதை நம்பறது?"

"என் தலையைத் தொட்டுப் பாருங்க சார். ஈரமா இருக்கு."

ஆலோசகர் அம்மாள் தலையைத் தொடவில்லை. ஹேண்ட்பிரேக்கின் மணிக்கட்டுப் பட்டையைப் பார்த்தார். "சந்தேகம் தொண்ணூத்தொண்ணு" என்றார் மெதுவாக. "இந்த அளவுல இருக்கறவங்களுக்கு மழை தெரியறது சகஜம்."

"தாக்குதல்னு புகார் குடுக்கணும் சார்."

"தாராளமா குடுங்க. ஒன்பதாம் எண் படிவம். ஆனா அதுல, தான் தாக்கப்பட்டதா சம்பந்தப்பட்ட வண்டி உறுதிப்படுத்தணும். அது இல்லாம எடுத்துக்க மாட்டோம். வண்டி ஏதாவது சொல்லுச்சா?"

"நல்லா இருக்கேன்னு சொல்லுது சார்."

"பாருங்க" என்றார் இயக்குநர். "பாதிக்கப்பட்டவரே நல்லா இருக்கேங்கறார்."

ஹேண்ட்பிரேக் நாற்காலிக்குத் திரும்பவில்லை. வாசலில் இருந்த அலமாரியைத் திறக்கச் சொல்லிக் கைப்பேசியை எடுத்தார். மனைவியிடமிருந்து பதினோரு அழைப்புகள் வந்திருந்தன.

"ஏங்க, கேன் எங்க?" என்றார் மனைவி எடுத்தவுடனே. "நாலு பேர் மெஷின்ல இருக்காங்க. இருக்கற கேன் நாலு மணி வரைக்கும்தான். அப்புறம் பாதியில நிறுத்தணும். ஒருத்தருக்கு ஏற்கெனவே மூச்சு வாங்குது."

"ரெண்டு பத்துக்கே சேந்துட்டதா இங்க பச்சை காட்டுது."

"இங்கயும் அப்படித்தான் மெசேஜ் வந்துச்சு. வந்த சரக்குக்குக் கையெழுத்து போடலன்னு சூப்பரின்டெண்ட் என்னைத் திட்டறார். வாசல்ல ஒரு வண்டியும் இல்லங்க. உங்க ஆபீஸுக்கு எட்டு தடவை பண்ணிட்டேன். வந்துடுச்சு, நல்லாத் தேடிப் பாருங்கங்கறாங்க."

"வேற இடத்துலேருந்து வாங்க முடியாதா?"

"கேட்டுட்டேன். அங்கயும் வரல. ஏதாவது பண்ணுவீங்களா?"

"பண்றேன்."

என்ன பண்ணுவது என்று அவருக்கே தெரியவில்லை. வண்டி எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தானே. பழைய பாலம், ஆற்றோரம், ஊருக்கு வெளியே என்று மனது எங்கெங்கோ போனது. லோடுமேனைக் கேட்கலாம், எந்தப் பக்கம் திரும்பியது என்றாவது சொல்வார் என்று நினைத்தார். கிளம்பும்போது அறுபத்தஞ்சின் மேசைப் பக்கம் குனிந்து, "ஆஸ்பத்திரிக்குக் கேன் போகல. நாலு பேரு மெஷின்ல. நான் கீழ போறேன்" என்று மட்டும் சொன்னார்.

அறுபத்தஞ்சு திரையில் நிழலையே பார்த்துக்கொண்டிருந்தார். பழைய பாலத்தருகே ஒரு பழக்காரர் குடையைப் பிரித்துக்கொண்டிருந்தார். அரை மணிக்கு முன்னாலும் அதே ஆள் அதே குடையைத்தான் பிரித்துக்கொண்டிருந்தார். அறுபத்தஞ்சு தன் மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றினார். மேசையில் வெந்நீர் பிளாஸ்க் இருந்தது. அதன் கழுத்தில் பட்டையை மாட்டிவிட்டு எழுந்து அவர் பின்னால் நடந்தார்.

மூன்று மாடி இறங்கிப் பின்கதவைத் திறந்தார்கள். ஷெட்டில் பன்னிரண்டு வண்டிகளும் வரிசையாக நின்றிருந்தன.

லோடுமேன் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் எழுந்தார்.

"வண்டிங்க கிளம்பவே இல்லையா?" என்றார் ஹேண்ட்பிரேக்.

"ஒன்றரைக்கு ஏத்தி முடிச்சேன். அசையவே இல்ல. மேல மூணு தடவை போன் போட்டுச் சொன்னேன். 'போயிடுச்சு, ஸ்கிரீன்ல பாத்துட்டுத்தான் இருக்கோம்'னாங்க. நாலாவது தடவை போட்டேன். நாளைக்குக் காலைல பத்து மணிக்கு எனக்குக் கண் பரிசோதனைக்கு எழுதிட்டாங்க." சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்துக் காட்டினார்.

ஹேண்ட்பிரேக் மூன்றாம் எண் வண்டியின் பக்கவாட்டைக் கையால் தடவினார். அதற்கு ஓட்டுநர் இருக்கை கிடையாது. "இதைக் கழுவும்போது எப்படி நகத்துவீங்க?"

"உள்ள பலகைக்குப் பின்னாடி சின்னதா ஒரு ஸ்டியரிங் இருக்கு. கம்ப்யூட்டரை அணைச்சுட்டு அதை வச்சு நகத்தலாம். ஆனா ஆமை மாதிரிதான் போகும். பதினஞ்சுக்கு மேல ஏறாது."

மணி மூன்று பத்து. ஆஸ்பத்திரி ஏழு கிலோமீட்டர். ஹேண்ட்பிரேக் மனதுக்குள் கணக்குப் போட்டார். அரை மணி. தண்ணீர் நிற்கிற இடங்களில் இன்னும் பத்து நிமிஷம்.

"சாவியைக் குடுங்க" என்றார்.

லோடுமேன் கொடுத்துவிட்டார். "மத்த ஆஸ்பத்திரிங்களுக்கு நான் போன் போட்டு, ஆளனுப்பி எடுத்துக்கச் சொல்றேன்" என்றும் சொன்னார். அப்படிச் செய்ய அவருக்கு அதிகாரம் இல்லை. செய்தார்.

ஹேண்ட்பிரேக் ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். ஸ்டியரிங் சாப்பாட்டுத் தட்டு அளவுதான் இருந்தது. வண்டி தெருவுக்கு வந்த பிறகுதான் இன்னொன்று தெரிந்தது. முன்னால் சிறிய கண்ணாடி ஒன்று இருந்தது, அதில் வைப்பர் இல்லை. யாரும் பார்க்கப் போவதில்லை என்று வைக்கவில்லை. மழையில் கண்ணாடி பால் ஊற்றியதுபோல இருந்தது.

அறுபத்தஞ்சு பக்கக் கதவைத் திறந்து, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையை வெளியே நீட்டினார்.

"நேரா போங்கண்ணே. கொஞ்சம் வலது. போதும். முன்னாடி சைக்கிள், மெதுவா."

"தாண்டிட்டானா?"

"தாண்டிட்டான். இப்ப இடது திருப்பம். நான் சொல்றப்ப திருப்புங்க. இன்னும் இல்ல. இன்னும் இல்ல. இப்ப."

திருப்பினார். எதிரே எதுவும் தெரியாமல் வண்டி ஓட்டுவது அவர் வாழ்க்கையில் முதல் தடவை. அந்தக் குரல் நிற்கச் சொன்ன இடத்தில் நின்றார், போகச் சொன்ன இடத்தில் போனார். ஓரிடத்தில், "பள்ளம் இருக்குண்ணே, தண்ணியில தெரியல, ஆனா காலைல ஸ்கூட்டர்ல வரும்போது இங்க இருந்துச்சு" என்று அறுபத்தஞ்சு சொன்னார். ஒதுங்கிப் போனார். பின்னால் வந்த கார்கள் ஹாரன் அடித்தன. ஆளில்லா வண்டிக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு, முந்திப் போகச் சொல்லிச் சைகை காட்டியதைப் பார்த்து ஒருவர் காரை ஓரங்கட்டி நிறுத்திவிட்டார்.

மூன்று ஐம்பத்திரண்டுக்கு ஆஸ்பத்திரிப் பின்வாசலில் நின்றார்கள். அறுபத்தஞ்சு தலை முதல் இடுப்பு வரை நனைந்திருந்தார். மனைவி தள்ளுவண்டியோடு ஓடி வந்தார். அவர் பின்னால் சூப்பரின்டெண்ட் ஒரு பதிவேட்டோடு வந்தார்.

"இதை இறக்க முடியாது" என்றார் சூப்பரின்டெண்ட். "இந்தச் சரக்கு ரெண்டு பத்துக்கே வந்து பதிவாயிடுச்சு. ஒரே சரக்கு ரெண்டு தடவை எப்படி வரும்?"

மனைவி கேனைத் தூக்கியபடியே சொன்னார். "முதல் தடவை வந்ததை எங்க வச்சிருக்கீங்கன்னு காட்டுங்க சார். இதை உடனே திருப்பி அனுப்பிடறேன்."

சூப்பரின்டெண்ட் பதிவேட்டைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். அவர் பார்த்து முடிப்பதற்குள் ஆறு கேன்கள் உள்ளே போய்விட்டன. மெஷின்கள் நிற்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவர், ஏன் எல்லோரும் ஓடுகிறீர்கள் என்று கேட்டாராம்.

கடைசிக் கேனை எடுக்கும்போது மனைவி, பெட்டிமேல் உட்கார்ந்திருந்த கணவரைப் பார்த்தார். "இடுப்பு வலிக்குதா?"

"இப்ப இல்ல."

"சாயங்காலம் தைலம் போட்டு விடறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

விசாரணை அடுத்த வாரம் நடந்தது. இயக்குநர் நடுவில், ஆலோசகர் அம்மாள் வலப்பக்கம், கணினிப் பிரிவுக்காரர் ஓர் ஓரத்தில். குற்றப்பத்திரிகையை இயக்குநரே படித்தார். இருக்கையை விட்டு நீங்கியது. கழிப்பறையை வானிலை ஆய்வுக்குப் பயன்படுத்தியது. கழுவும் ஸ்டியரிங்கைக் கழுவாமல் உபயோகித்தது. கடைசியாக, ஆளில்லா வண்டியில் ஆளாக இருந்தது.

"இதுதான் பெரிய குற்றம்" என்றார். "நீங்க ஏறினதுமே அது ஆளுள்ள வண்டி ஆயிடுச்சு. ஆளுள்ள வண்டி ஓட்ட இந்தத் துறைக்கு அனுமதியே கிடையாது. ஏழு கிலோமீட்டர் தூரத்துக்கு இந்தத் துறையையே இல்லாம பண்ணிட்டீங்க."

"நாலு பேரு உயிர் சார்."

"உயிரைப் பத்தி யாரும் தப்பாச் சொல்லல. தாக்குதல் நடந்த அன்னைக்கு நம்ம அமைப்பு எப்படி நின்னுதுன்னு யோசிங்க. பன்னிரண்டு வண்டி. ஒரு வண்டியாவது தப்பான வழியில போச்சா? விபத்து? ஒரு கீறல்? அவ்வளவு பெரிய தாக்குதல்ல நம்ம வண்டிங்க எள்ளளவும் அசையல."

ஆலோசகர் அம்மாள் ஒரு வரைபடத்தைக் காட்டினார். தாக்குதல் நடந்த மூன்று மணி நேரமும் கட்டுப்பாட்டு அறையின் நம்பிக்கை சரியான அளவில் இருந்திருக்கிறது. அதிலும் ஒரு மேசையின் பட்டை, கோடு போட்டதுபோல ஆடாமல் அசையாமல் இருந்தது. "இந்த மாதிரி நிதானத்தை நான் எந்த மனுஷர்கிட்டயும் பாத்தது இல்ல" என்றார். அறுபத்தஞ்சு தலையைக் குனிந்துகொண்டார். வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

தாக்கியவர்கள் எப்படி உள்ளே வந்தார்கள் என்று கணினிப் பிரிவுக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார். 'நாட்டின் மிகவும் நம்பத்தகுந்த நிர்வாகி விருது உங்களுக்கு, சான்றிதழ் இணைப்பில்' என்று ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது. துறையில் ஒரே ஒருவர் அதைத் திறந்திருக்கிறார்.

கணினிப் பிரிவுக்காரர் பெயரைச் சொல்லாமல் தாளை மடித்தார்.

"விருதை எப்படிங்க சந்தேகப்பட முடியும்?" என்றார் இயக்குநர்.

அந்த வரி விசாரணை அறிக்கையில் இடம்பெறவில்லை. வண்டிகளின் கணினியைச் சரிசெய்ய வேண்டும் என்று கணினிப் பிரிவுக்காரர் எழுதிய மூன்று பக்கமும் இடம்பெறவில்லை. லோடுமேன் கண் பரிசோதனையில் தேறிவிட்டார். அனுமதியில்லாமல் ஆஸ்பத்திரிகளுக்குப் போன் செய்ததற்கு மட்டும் அவருக்குக் கண்டனக் கடிதம். ஹேண்ட்பிரேக்கை வேலையை விட்டு அனுப்பியிருப்பார்கள். ஆனால் டயாலிசிஸ் பிரிவிலிருந்து நாலு பேரும் கையெழுத்துப் போட்டு ஒரு நன்றிக் கடிதம் அனுப்பியிருந்தார்கள். துறைக்கு வந்த முதல் நன்றிக் கடிதம் அது. கண்ணாடிச் சட்டம் போட்டு இயக்குநர் அறையில் மாட்டியாகிவிட்டது. கடிதத்தில் இருக்கிற ஆளை அனுப்புவது அழகில்லை. எனவே ஒரு புதிய பதவி உண்டாக்கி அவரை அதில் போட்டார்கள். 'நேரடிப் பார்வைச் சரிபார்ப்பாளர்'. ஷெட் வாசலில் ஒரு ஸ்டூல், ஓர் உள் தொலைபேசி. வண்டி கிளம்பினால் கண்ணால் பார்த்து மூன்றாவது மாடிக்குச் சொல்ல வேண்டும். அவருடைய இரண்டு வண்டிகளும் அறுபத்தஞ்சின் மேசைக்குப் போயின.

முதல் நாள் காலை மூன்றாம் எண் வண்டி கிளம்பித் தெருமுனையில் திரும்பியது. போனை எடுத்தார்.

"மூணு கிளம்பிடுச்சு தங்கச்சி."

மறுமுனையில் அறுபத்தஞ்சு தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. புது சுற்றறிக்கை வந்திருக்கு. போன்ல பேசறது நீங்கதானான்னு உறுதி பண்ணாம எழுதக் கூடாதாம்."

"நான்தான்மா."

"அதைத்தான் யாரா இருந்தாலும் சொல்லுவாங்களாம். நேர்ல வந்து பாத்துத்தான் எழுதணுமாம்."

அறுபத்தஞ்சு மூன்று மாடி இறங்கி வந்தார். அண்ணன் முகத்தைப் பார்த்தார், குறித்துக்கொண்டார், மூன்று மாடி ஏறினார். நான்காம் எண் வண்டிக்கு மறுபடி வந்தார். மதியத்துக்குள் கால் விட்டுப்போயிற்று. மறுநாள் ஏறி இறங்குவதை விட்டுவிட்டு ஷெட்டிலேயே இன்னொரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். மற்ற நாலு பேரும் அவரவர் வண்டியை உறுதிசெய்ய இறங்கி வந்தவர்கள், காற்று நன்றாக இருக்கிறது என்று அங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டிய நூற்றெட்டுப் பேரில் பாதிப் பேர் பின்னால் வந்து நிற்கிறார்கள். வண்டி கிளம்பினால் எல்லோரும் அது தெருமுனை திரும்புகிற வரை பார்க்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்ததா என்று ஹேண்ட்பிரேக் மனைவிக்குப் போன் செய்து கேட்கிறார்.

மேலே கட்டுப்பாட்டு அறையில் பன்னிரண்டு திரைகளும் ஓடிக்கொண்டிருக்கின்றன. பார்க்க ஆள் இல்லை. அது பற்றி இதுவரை புகார் எதுவும் வரவில்லை.